கிருபையா, முயற்சியா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

எபேசியர் 2:8 பற்றி, அதாவது "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்ற வசனத்தைப் பற்றி, நான் எழுதியதற்கு ஏகப்பட்ட கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

ஐயா, நேரடியாகவே கேட்கிறேன். இரட்சிப்பில் தேவனுடைய பங்கு எத்தனை சதவீதம், நம்முடைய பங்கு எத்தனை?

கணக்குப் போட ஆரம்பித்தாலே சிக்கல்தான். ஒரு மூட்டையை இரண்டு பேர் தூக்கினால் ஒருவர் எவ்வளவு தாங்குகிறாரோ அவ்வளவு மற்றவருக்குக் குறையும், ஆனால் கிருபை அப்படி வேலை செய்வதில்லை. பிலிப்பியர் 2:12ஐப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்." அங்கேயே நிறுத்தியும் விடுவார்கள். அடுத்த வசனம் "ஏனெனில்" என்று தொடங்குகிறது. விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே, ஆகவே பிரயாசப்படுங்கள் என்கிறார் பவுல். நீங்கள் உழைத்தால் பிறகு அவர் வருவார் என்று அவர் எழுதவில்லை. 1 கொரிந்தியர் 15:10லும் இதே போக்குதான். எல்லாரைவிடவும் அதிகமாகப் பிரயாசப்பட்டேன் என்று சொன்ன கையோடு "நானல்ல" என்கிறார். பாதி நான், பாதி கிருபை என்று பிரித்துக் கொடுக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

முடியாததைக் கடவுள் கட்டளையிடுவாரா? பெலாஜியஸ் கேட்டதில் என்ன தப்பு?

நல்ல கேள்வி. மனிதன் முயன்றால் தேவ கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்று ஐந்தாம் நூற்றாண்டில் போதித்தவர் பெலாஜியஸ். அவரை வில்லனாக மட்டும் பார்க்கிறவர்கள் அவருடைய கவலையைக் கவனிப்பதில்லை. ரோமில் கிறிஸ்தவர்கள் ஏனோதானோ என்று வாழ்ந்ததைப் பார்த்து நொந்துபோன மனிதர் அவர். "நீர் கட்டளையிடுவதைத் தாரும், பிறகு விரும்புவதைக் கட்டளையிடும்" என்ற பொருளில், அதே காலத்து ஆயரான அகஸ்டின் எழுதிய ஜெபம் அவருக்குப் பொறுக்கவில்லை. இப்படிப் பேசினால் எவன் திருந்துவான் என்ற எரிச்சல். ஆனால் மனித சித்தம் நோயில்லாமல் இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டதில்தான் தப்பு. நோயாளியிடம் நல்ல அறிவுரை மட்டும் சொன்னால் போதுமா? 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய சங்கம், அதாவது ஆயர்களின் கூட்டம், அந்தப் போதனையைக் கண்டித்தது. அப்புறம் சிலர், சரி, முதல் அடியை மட்டுமாவது நாம் வைக்கிறோம் என்றார்கள். 529இல் இன்றைய பிரான்சிலுள்ள ஓரான்ஜ் நகரில் கூடிய சங்கம் அதையும் மறுத்து, விசுவாசத்தின் தொடக்கமே கிருபைதான் என்றது. ஒருவரும் அதிகம் கவனிக்காத விஷயம், தீமை செய்யவே தேவன் சிலரை முன்குறித்தார் என்ற பேச்சையும் அதே சங்கம் வெறுத்து ஒதுக்கியது.

அப்படியானால் இஷ்டப்படி வாழலாமா?

ரோமர் 6:1, 2 படியுங்கள். கிருபை பெருகப் பாவத்திலேயே இருக்கலாமா என்று பவுலிடமே கேட்டாகிவிட்டது, கூடாது என்று அவரும் சொல்லிவிட்டார்.

விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் (செயல்களாலும்) மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிற யாக்கோபு 2:24 பவுலுக்கு நேர் எதிராக இல்லையா?

இருவரும் ஆபிரகாமைத்தான் காட்டுகிறார்கள். பவுல் எழுதிய ரோமர் 4, ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிற ஆதியாகமம் 15ஐ வைத்துப் பேசுகிறது. அப்போது ஈசாக்கு பிறக்கவே இல்லை. யாக்கோபு அந்த வசனத்தையும் எடுத்துக்கொண்டு, 22ஆம் அதிகாரத்துக்கு, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய நாளுக்குப் போகிறார். ஒருவர் உறவு எப்படித் தொடங்கியது என்கிறார், மற்றவர் அது உயிரோடு இருந்ததற்கு என்ன அடையாளம் என்கிறார். சீர்திருத்தவாதி லூத்தர் 1522இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றே எழுதிவிட்டார், பிந்தைய பதிப்புகளில் அந்த வரியை எடுத்துவிட்டார். எடுத்தது நல்லது.

அண்ணா, ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். உபவாசம், பொருத்தனை எல்லாம் பார்த்தாச்சு. முயற்சியை விட்டுவிட்டுக் கிருபைக்குக் காத்திருக்கவா?

விட வேண்டாம், தம்பி. ஆனால் முயற்சியை எங்கே போடுகிறாய் என்று பார். நானும் பல வருஷம், விழுந்த மறுநாள் உபவாசம் இருந்தேன். வெளியே பக்தி, உள்ளே அபராதம் கட்டுகிற மனசு. கட்டி முடித்ததும் கணக்கு நேராகிவிட்டது போலத் தோன்றும், அடுத்த வாரம் பழைய கதைதான். சிலுவையில் தீர்ந்த கடனுக்கு நான் தவணை கட்டிக்கொண்டிருந்தேன் என்று புரிய வெகுநாள் ஆனது.

தீத்து 2:11, 12இல் கிருபை "போதிக்கிறது" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் அது பிள்ளையைக் கண்டித்து வளர்ப்பதற்கான சொல். பிள்ளை விழுந்தால் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை, விழுந்தபடியே கிடக்கட்டும் என்று விடுவதுமில்லை. அதனால் சோதனை வந்த நிமிஷத்தில் பல்லைக் கடிப்பதைவிட, அதற்கு முந்தின மணி நேரத்தைக் கவனி. எந்த நேரம், எந்தத் தனிமை, எந்தக் களைப்பு? ரோமர் 13:14 இச்சைக்கு இடம் கொடுக்காதே என்பது இதைத்தான். நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல், யாக்கோபு 5:16. அது எல்லா உபவாசத்தையும்விடக் கஷ்டமாக இருக்கும்.

கத்தோலிக்கர்கள் கிரியையால் இரட்சிப்பு என்கிறார்கள்தானே?

அப்படிச் சொல்வது நியாயமில்லை. 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் இதைப் பற்றி வெளியிட்ட முதல் விதியே, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் சொந்தச் செயல்களால் ஒருவர் நீதிமானாக முடியாது என்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுவதைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன, 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். நீதிமானாக்கப்படுவது தீர்ப்பா, உள்ளே நடக்கும் மாற்றமும் சேர்ந்ததா என்பது போன்ற வேறுபாடுகள் இன்னும் இருக்கின்றன.

குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொள்ளும் என்று வைணவத்தில் சொல்வார்களே, நாம் எது?

பூனைக்குட்டி என்பேன், ஆனால் கவ்வியபடியே இருப்பதில்லை, நடக்கவும் கற்றுக்கொடுக்கிறது. உவமையை இதற்கு மேல் இழுத்தால் கிழிந்துவிடும்.

படுக்கையில் இருக்கிறேன். ஊழியம், உபவாசம் எதுவும் முடியவில்லை. கிருபையை வீணாக்குகிறேனோ என்று பயம்.

இல்லம்மா. லூக்கா 23இல் இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட அந்தக் கள்ளனுக்குக் கையும் காலும் ஆணியில் இருந்தது. ஞானஸ்நானம் எடுக்க முடியாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. வாய் மட்டும் இருந்தது, "என்னை நினைத்தருளும்" என்றான். முடிகிற நாளில் அதையே சொல்லுங்கள். முடியாத நாளில் தூங்குங்கள்.

தேவன் சிலரைத் தெரிந்துகொள்வதைப் பேசுகிற ரோமர் 9 பற்றிக் கேட்ட மூன்று பேருக்கும் தனியாகத்தான் எழுத வேண்டும், அது இங்கே அடங்காது.