கையெழுத்திடாத நகரம்

கேள்வி: ஓபியாய்டு என்ற போதையூட்டும் வலி மாத்திரைகளால் மக்கள் அடிமையாகிச் செத்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்குகளில், அந்த மாத்திரை நிறுவனங்கள் கொடுக்க முன்வந்த சமரசப் பணத்தை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஊர்கள் வாங்கிக்கொண்டன. நான் வசிக்கும் பால்டிமோர் நகர நிர்வாகம் மட்டும் வீறாப்பாக வழக்காடியது. ஜூரி கொடுத்த 26 கோடியே 60 லட்சம் டாலரை நீதிபதி 5 கோடியே 20 லட்சமாகக் குறைத்துவிட்டார். பேராசை பெருநஷ்டம் என்பது இதுதானே?
— ஒரு வாசகர், பால்டிமோர்

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரண்டு தொகைகளும் சரியானவையே. ஆனால் அவற்றுக்கு முன்னால் எழுத வேண்டிய தொகையை விட்டுவிட்டீர்கள். ஜூரி கூடுவதற்கு முன்பே, 2024ஆம் ஆண்டில், அலர்கன், சிவிஎஸ், கார்டினல் ஹெல்த், வால்கிரீன்ஸ், டேவா ஆகிய ஐந்து நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உங்கள் நகரத்தோடு தனித்தனியே சமரசம் பேசி, மொத்தம் 40 கோடியே 25 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டன. இதில் கார்டினலின் பங்கு மட்டும் 15 கோடியே 25 லட்சம். விசாரணையில் கடைசிவரை நின்றவை மெக்கெசன், அமெரிசோர்ஸ்பெர்கன் என்ற இரண்டு மருந்து விநியோக நிறுவனங்கள்தான். நீங்கள் சொல்லும் வெட்டு அந்த இரண்டு நிறுவனங்களின் கணக்கில் விழுந்தது. வரவுப் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் செலவுப் பக்கத்தை மட்டும் காட்டினால் எந்தக் கடையும் நஷ்டக் கடைதான்.

நகரம் எதை மறுத்தது என்று பார்ப்போம். 2021 ஜூலையில் மெக்கெசன், கார்டினல், அமெரிசோர்ஸ்பெர்கன் என்ற மூன்று மருந்து விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் நாடு முழுமைக்குமாக 2,600 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. இதில் விநியோகஸ்தர்களின் பங்கு 2,100 கோடி வரை. அதையும் 18 ஆண்டுகளில் தவணையாகத் தருவார்கள். கேட்க மலைப்பான தொகைதான். ஆனால் மாநிலங்கள், மாவட்டங்கள், நகரங்கள் என்று பிரித்து, அதை 18 ஆல் வகுத்துப் பார்த்தால், நடுத்தர ஊர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் கிடைப்பது சில ஆலோசகர்களின் சம்பளத்துக்கும், சில நூறு உயிர்காக்கும் மருந்துப் பொட்டலங்களுக்கும்தான் போதும்.

இதற்கு ஈடாக ஊர் தரவேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தோடு அந்த நிறுவனங்கள்மீது இந்த விஷயத்தில் வழக்குத் தொடரும் உரிமை என்றைக்குமாகப் போய்விடும். இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஒரு மாநிலத்துக்கு வரவேண்டிய பணத்தில் ஏறத்தாழ பாதி, அதன் ஊர்கள் எத்தனை கையெழுத்திட்டன, குறிப்பாக ஏற்கெனவே வழக்குப் போட்ட ஊர்கள் வழக்கைக் கைவிட்டனவா என்பதைப் பொறுத்தே கூடும், குறையும். ஆகவே தயங்கி நிற்கும் நகரத்தை நிறுவனங்கள் நெருக்க வேண்டியதில்லை. அந்த வேலையைச் சொந்த மாநிலமே பார்த்துக்கொள்ளும். மிகக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. இதை எழுதிய வழக்கறிஞர்களுக்கு எவ்வளவு கொடுத்திருந்தாலும் தகும்.

உடன்பாட்டில் நல்லது இல்லாமல் இல்லை. 1998இல் 46 மாநிலங்கள் புகையிலை நிறுவனங்களோடு செய்துகொண்ட சமரசத்தில், 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் என்று பேசப்பட்ட பணத்தில் பெரும்பகுதி வரவு செலவுத் திட்டங்களின் ஓட்டையை அடைக்கப் போயிற்று. அந்தச் சூட்டை மறக்காமல், இம்முறை குறைந்தது 85 விழுக்காட்டைப் போதைப் பாதிப்பைச் சரிசெய்யவே செலவிட வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். வழக்கே தொடுக்காத சிற்றூருக்கும் பங்கு உண்டு. தனியாக ஒரு வழக்கறிஞரை அமர்த்தக்கூட வசதியில்லாத நகராட்சி என்னிடம் யோசனை கேட்டிருந்தால், மறுநாளே கையெழுத்திடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பால்டிமோர் அப்படிப்பட்ட ஊரா? ஆறு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகையில், ஆறே ஆண்டுகளில் ஏறத்தாழ 6,000 பேர் அளவு மீறிய போதையால் இறந்த ஊர் அது. நூறு பேரில் ஒருவர் என்று சொல்லிப் பாருங்கள். பெரிய அமெரிக்க நகரம் எதுவும் இந்த விகிதத்தைக் கண்டதில்லை. நகரம் 2018இலேயே வழக்குத் தொடுத்துவிட்டது. அதுவும் நாட்டின் வழக்குகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி வைத்திருந்த கிளீவ்லாந்து கூட்டாட்சி நீதிமன்றத்தில் அல்ல, சொந்த ஊரின் நீதிமன்றத்தில். உள்ளூர் ஜூரி முன்னால் நிற்கப்போகிறோம் என்ற அச்சம்தான் ஐந்து நிறுவனங்களையும் பணத்தோடு வரவைத்தது. 2021இலேயே கையெழுத்திட்டிருந்தால் கார்டினல் இந்த நகரத்துக்கென்று தனியாக 15 கோடி டாலரை எடுத்து வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

அதற்காக வழக்காடுவதே வீரம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓக்லஹோமா மாநிலம் ஜான்சன் அண்ட் ஜான்சனிடமிருந்து 46 கோடியே 50 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு வாங்கியது. 2021 நவம்பரில் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதைத் துடைத்துப் போட்டது. ஒஹையோவின் லேக், டிரம்புல் மாவட்டங்கள் மருந்துக்கடைச் சங்கிலிகளிடமிருந்து வென்ற 65 கோடியும், 2024 டிசம்பரில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சட்டத்துக்குக் கொடுத்த விளக்கத்தால் காற்றில் போயிற்று. மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் கதை இன்னும் கொடுமையானது. அந்நகரம் இருக்கும் சிறிய காபெல் மாவட்டத்துக்குள் எட்டே ஆண்டுகளில் 8 கோடியே 10 லட்சம் மாத்திரைகளை மூன்று விநியோகஸ்தர்களும் இறக்கியிருந்தார்கள். 2022 ஜூலை 4ஆம் தேதி, நாடே விடுதலை நாள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, நிறுவனங்கள்மீது தவறில்லை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். சில வாரங்களில் அதே மாநிலத்தின் மற்ற ஊர்கள் 40 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. முன்னணியில் நின்று போராடிய ஹன்டிங்டன் வெளியே நின்று பார்த்தது. 2025 அக்டோபரில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது.

இவை பலவற்றுக்கும் அடிவேர் ஒன்றே. போதைக் கொள்ளைநோயைப் ‘பொதுத் தொல்லை’ என்ற பழைய சட்டக் கருத்துக்குள் அடைக்கப் பார்த்தார்கள். ஆற்றில் கழிவைக் கொட்டியவனிடம் ஆற்றைச் சுத்தம் செய்யச் சொல்லும் சட்டம் அது. மாத்திரை கொட்டியவனுக்கும் அது பொருந்துமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம், நீதிபதிக்கு நீதிபதி விடை மாறுகிறது.

பால்டிமோரும் கடைசியில் இங்கேதான் இடறியது. 2024 நவம்பரில் ஜூரி 26 கோடியே 60 லட்சம் என்றது. 2025 ஜூனில் அந்தத் தொகை சான்றுகளுக்கு மிஞ்சியது என்று நீதிபதி லாரன்ஸ் ஃபிளெச்சர்-ஹில் கருதினார். குறைந்த தொகையை ஏற்றுக்கொள், இல்லையேல் புதிதாக விசாரணை நடத்து என்பது நகரத்தின் முன் வைக்கப்பட்ட தேர்வு. பாதிப்பைச் சரிசெய்ய நகரம் தனியாகக் கேட்டிருந்த 520 கோடியை ஆகஸ்டில் முழுவதுமாக மறுத்துவிட்டார். நகரம் 5 கோடியே 20 லட்சத்தை ஏற்றுக்கொண்டது. மேயர் பிரண்டன் ஸ்காட்டின் நிர்வாகத்தைக் குறை கூற வேண்டுமானால் இந்த இடத்தில் கூறலாம். ஐந்து பேரோடு பேசி முடித்த கையோடு எஞ்சிய இருவரோடும் பேசி முடிக்க ஏன் இயலவில்லை என்று கேட்பது நியாயமான கேள்வி. அப்படியும் மொத்த வரவு 45 கோடி டாலரைத் தாண்டுகிறது. இதில் வழக்கறிஞர் கூலி கழியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேயரைக் கேட்க உங்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. அந்த ஜூன் தீர்ப்புக்கும் ஆகஸ்ட் தீர்ப்புக்கும் நடுவே, 2025 ஜூலை 10ஆம் தேதி காலை, உங்கள் நகரத்தின் பென்-நார்த் பகுதியில் தெருவோரத்தில் மக்கள் சரிந்து விழுந்தார்கள். இருபத்தேழு பேரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். ஒருவரும் சாகவில்லை. மூக்கில் ஒருமுறை பீய்ச்சினால் நின்றுபோன மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் நலாக்சோன் அந்தத் தெருவில் ஆட்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 45 கோடியில் எவ்வளவு அந்தத் தெருவுக்குப் போகிறது, எவ்வளவு அலுவலக நாற்காலிகளுக்குப் போகிறது என்ற கணக்கை நகர மன்றத்தில் எழுந்து கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்த கடிதத்தில் அந்தக் கணக்கை அனுப்புங்கள். பேராசை யாருடையது என்று அப்போது பேசலாம்.