இதுக்கெல்லாம் ஒரு படிப்பா?

கேள்வி: அக்கா, பிளஸ் டூவில் 412 மதிப்பெண். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டீச்சர் ஆக வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே ஆசை. என் தம்பிக்கு ஆட்டிசம், அவனோடு வளர்ந்ததால் சிறப்புக் கல்வியும் படிக்க நினைக்கிறேன். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்கிறார்கள். சித்தப்பாவோ, "பிள்ளைகளைப் பாத்துக்கறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்கிறார். எதில் சேரட்டும்?
- கல்லூரி வாசலில் நிற்கும் மாணவி, சங்கரன்கோவில்

பதில்: முதலில் சித்தப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். சட்டைப் பித்தான் போடத் தெரியாத ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைக் கற்றுத்தரச் சொல்லுங்கள். "இப்படிப் பிடி, இப்படி நுழை" என்று பத்து தடவை சொல்வார், பதினோராவது தடவை தானே போட்டுவிட்டுவிடுவார். நாமும் அப்படித்தான் செய்வோம். படித்தவர் என்ன செய்வார் என்றால், அந்த வேலையை ஏழெட்டுத் துண்டாக உடைப்பார். எல்லாத் துண்டையும் தானே செய்துவிட்டு, பாதி வெளியே வந்த பித்தானை இழுத்துவிடுகிற அந்தக் கடைசித் துண்டை மட்டும் பிள்ளையிடம் விடுவார். அது கைவந்ததும் அதற்கு முந்தைய துண்டு, அப்புறம் அதற்கும் முந்தையது. பின்னாலிருந்து முன்னால் வருவதால் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் கையால்தான் வேலை முடிகிறது. தோற்றுப்போன முகத்தோடு ஒரு நாளும் எழுந்து போவதில்லை.

இதையேதான் ஒன்றாம் வகுப்பு டீச்சரும் செய்ய வேண்டும். "கொடி" எழுதத் தடுமாறுகிற பிள்ளையைப் பாருங்கள். வாய் முதலில் க் என்கிறது, ஒகரம் பிறகுதான் வருகிறது. ஆனால் கை முதலில் கொம்பைப் போட வேண்டும், பிறகு க, பிறகு கால். காது ஒரு வரிசை சொல்ல, கண் வேறு வரிசை கேட்கிறது. பிள்ளை மக்கு இல்லை, எழுத்து அப்படி. பார்வையற்றோர் தொட்டுப் படிக்கிற பிரெயிலில் இந்தச் சிக்கலே கிடையாது, தெரியுமா? ஆறு புள்ளிக் கட்டத்தில் மெய் முதலில், உயிர் அடுத்து, சொல்கிற வரிசையிலேயே விரலுக்கு வந்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட டீச்சர் சாதாரண வகுப்பிலும் கொம்பை வேறு மாதிரிதான் நடத்துவார். அதனால்தான் இரண்டையும் தனித்தனி உலகமாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். பிளஸ் டூவில் 50 சதவீதம் இருந்தால் இரண்டு ஆண்டு சிறப்புக் கல்விப் பட்டயத்தில், டி.எட். ஸ்பெஷல் எஜுகேஷனில் சேரலாம். உங்கள் 412 தாராளமாகப் போதும். பலருக்குத் தெரியாத விஷயம், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010-ல் வெளியிட்ட தகுதி விதியில் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு இந்தப் பட்டயத்தையும் சேர்த்திருக்கிறார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது டெட்டில், முதல் தாளில் தேற வேண்டும், வேலை கிடைத்த பிறகு தொடக்கக் கல்வியில் ஆறு மாதச் சிறப்புப் பயிற்சி முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, இரண்டில் ஒன்றுதான் என்று சொன்னவர்கள் இதைப் பார்க்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டம்தான் வேண்டும் என்றால் பி.ஏ.வோ பி.எஸ்சி.யோ முடித்துவிட்டு சிறப்புக் கல்வி பி.எட். படிக்கலாம், ஆனால் அது ஆறாம் வகுப்புக்கு மேல் கொண்டுபோய் விடும். சின்னப் பிள்ளைகள்தான் உங்கள் ஆசை என்றால் பட்டயத்தை முதலில் முடியுங்கள், பட்டத்தை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

சேரும் முன் ஒன்று கட்டாயம். இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், ஆர்.சி.ஐ. அது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. நீங்கள் சேரப்போகிற நிறுவனத்துக்கு, நீங்கள் சேரும் அதே கல்வியாண்டுக்கு, நீங்கள் எடுக்கும் அதே பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்தில் நீங்களே பாருங்கள். அட்மிஷன் கவுன்டரில் சொல்வதை நம்பாதீர்கள். படித்து முடித்ததும் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும், அந்தப் பதிவு எண் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்வது அந்தச் சட்டப்படி குற்றம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் மூன்று மாத, ஆறு மாத சர்ட்டிபிகேட் என்று நாலைந்து வாங்கி பைலில் வைத்திருக்கிறார், அதில் ஒன்றுகூட அந்த எண்ணுக்கு உதவவில்லை.

பிரிவு என்றேனே, செவித்திறன், பார்வை, அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் என்று தனித்தனியாக எடுக்க வேண்டியிருக்கும். தம்பிக்காக ஆட்டிசம் வருகிற பிரிவைத்தான் எடுப்பேன் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். தம்பியிடம் உங்களுக்கு இருக்கிற பொறுமை அக்காவின் பொறுமை, அது வேறு கணக்கு. உங்கள் மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது. பாளையங்கோட்டைக்குப் போனால் 1890-ல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி, 1897-ல் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி இரண்டும் இருக்கின்றன. எங்கேயாவது அனுமதி கேட்டு ஒரு வாரம் போய்ச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். எந்த வகுப்பிலிருந்து எழுந்துவர மனம் வரவில்லையோ அந்தப் பிரிவை எடுங்கள்.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, சித்தப்பா கேட்பார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தபோது சட்டம் ஏற்கிற ஊனங்களின் பட்டியல் 7 வகையிலிருந்து 21 ஆனது, கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் வந்தன. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர் வேண்டும் என்பது விதி. அதன்படி பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதனால் தேவை இருக்கிறது. ஆனால் நம் அரசுப் பள்ளிகளுக்குப் போய்வருகிற சிறப்புப் பயிற்றுநர்கள் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், இதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. இன்னொன்று, "சிறப்பாசிரியர் தேர்வு" என்று அறிவிப்பு வந்தால் உடனே துள்ளாதீர்கள், அரசு மொழியில் அது ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியர்களைக் குறிக்கும்!

கேள்வி: நான் பி.எஸ்சி., பி.எட். தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு இது போதும்தானே?
- இல்லத்தரசி, அரியலூர்

பதில்: போதாது. பி.எட். படித்தவர்களும் 1 முதல் 5 வகுப்புகளுக்கு வரலாம் என்ற 2018 அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ரத்து செய்துவிட்டது. அதற்குத் தொடக்கக் கல்விக்கான டி.எல்.எட். மாதிரியான பட்டயம்தான் வேண்டும். உங்கள் பி.எட்.டுக்கு டெட் இரண்டாம் தாள், ஆறு முதல் எட்டு வரை. கோச்சிங் சென்டரில் முதல் தாளுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: சிறப்புக் கல்வி பி.எட். சேர்ந்து ஒரு மாதம். பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒரு பையன் கையைக் கடித்துவிட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு இந்தப் படிப்பு ஒத்துவராதோ?
- முதலாமாண்டு, கோவை

பதில்: சிரித்தவர்களுக்கும் ஒருநாள் வரும், விடுங்கள். பேச்சு வராத பிள்ளைக்குக் கடிப்பதும் ஒரு சொல்தான். என்ன சொல்கிறான் என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் போடுங்கள். கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, எப்படிக் கடித்தான், அதன்பின் அவனுக்கு என்ன கிடைத்தது. மூன்றே பத்தி, மணியோடு.

என் முதல் வருடத்தில் ஒரு பெண் குழந்தை இப்படித்தான். கோபம், பிடிவாதம் என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். பத்து நாள் எழுதிப் பார்த்தால் முக்கால்வாசிக் கடி பதினொன்றரை மணியை ஒட்டியே இருந்தது. பக்கத்துச் சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிற நேரம். எங்களுக்கு அது சாம்பார் வாசனை, அவளுக்குக் காதில் ஊசி. அந்த நேரத்தில் அவளைப் பின்பக்கத் திண்ணைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தோம். ஒரேயடியாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று குறைந்தது.

ஒரு மாதத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். முழுக்கைச் சுடிதார் போட்டுப் போங்கள், தொங்கட்டான் வேண்டாம். கடித்த இடத்தில் தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி டாக்டரிடம் காட்டிவிடுங்கள், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.