பாகத்தை மாற்றுமுன் எதைச் சோதிப்பது? செடான் கார் கேள்வி பதில்

பெட்ரோல், டீசல் செடான் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பழுதுபார்ப்பில் தேர்ந்த ஒருவர் தரும் பதில்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்.

கே (மதுரவாயல்): சார், 2014 மாடல் பெட்ரோல் வண்டி. பைபாஸில் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஹீட் முள் நடுவிலேயே நிற்கிறது. டிராஃபிக்கில் பத்து நிமிடம் நின்றால் மேலே ஏறுகிறது. மெக்கானிக் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

ப: இப்போதைக்கு வேண்டாம். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றால்தான் ஃபேனுக்கு வேலை. அதனால் உங்கள் வண்டியில் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். ஏறக்குறைய உடனே ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ஃபேன் ரிலேவை (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) கழற்றி, அதே பெட்டியில் இருக்கும் அதே எண் கொண்ட வேறொரு ரிலேவை அங்கே செருகிப் பாருங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் ஃபேன் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட வயரில் நேராக 12 வோல்ட் கொடுக்கலாம். கை, துணி எதுவும் இறக்கை அருகே போகக் கூடாது. நேராகக் கொடுத்தும் சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. சுற்றினால் மோட்டார் நல்லது, குறை வயரிங்கிலோ டெம்பரேச்சர் சென்சாரிலோ இருக்கிறது.

ஃபேன் நன்றாகச் சுற்றியும் சூடேறுகிறதா? ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் பூச்சியும் கம்பளி போல அடைத்திருக்கும். எஞ்சின் ஆறியபின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோனால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 100 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் வெடித்த மூடியால் அது முடியாது. பெரிய செலவில் இறங்குமுன் மாற்றிப் பார்க்க வேண்டிய மலிவான பாகம் இது.

கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். அதிலுள்ள உப்பு உள்ளே படிந்து, ரேடியேட்டர் குழாய்களையும் வாட்டர் பம்பையும் அரித்துவிடும். கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். கலந்தே வருவதை அப்படியே ஊற்றலாம்.

தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும்வரை கூலன்டைத் தடுத்து வைக்கும் வால்வு) கழற்றி எறிந்தால் ஹீட் ஆகாது என்று சொல்கிற ஷெட்டுகள் இன்னும் உண்டு. இணங்காதீர்கள். எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது. கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் விடும், மைலேஜ் இறங்கும், பி0128 என்ற பழுதுக் குறியீடும் (கோடு) வரலாம்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரையும் ப்ளோயரையும் முழுதாக வைத்து ஓரம் கட்டுங்கள். சிவப்பைத் தொட்டுவிட்டால் எஞ்சினையே அணைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது மூடியைத் திறக்கக் கூடாது. சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வளையும், விரிசல் விடும்.

கே (திருச்சி): அண்ணா, நாலு நாள் வண்டியை எடுக்காவிட்டால் செல்ஃப் அடிப்பதில்லை. பேட்டரி வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

ப: ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு பேட்டரி விலை மிச்சமாகும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் கதவைத் திறந்து மூடாமல் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி. 12.0 என்றால் ஏறக்குறைய கால் பங்குதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் பலமில்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் டைனமோ சார்ஜ் செய்கிறது. தேவைக்கேற்ப சார்ஜை ஏற்றி இறக்கும் புது வண்டிகளில் இது சற்று மாறும்.

மூன்றும் சரியாக இருந்து, நாலு நாளில் மட்டும் இறங்குகிறது என்றால் எதுவோ கரண்டைக் குடிக்கிறது. நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது, திருப்பினால் மீட்டர் ஃபியூஸ் போகும். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள், உள்ளேயுள்ள கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு ஆகும். அதன்பின் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் சரி. 200, 300 என்று காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறதோ அந்த வரிசையில்தான் திருட்டு. பெரும்பாலும் பிறகு மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ், மியூசிக் சிஸ்டம், அல்லது மூடினாலும் அணையாத டிக்கி விளக்கு.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கியபின் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

கே (நாமக்கல்): 80-க்கு மேல் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. பேலன்சிங் செய்தும் போகவில்லை.

ப: மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் அது பேலன்சிங் விவகாரமே இல்லை. மிதிக்காமலே 80, 100-இல் ஆடினால்தான் சக்கரத்தின் எடைக் கோளாறு. உங்களுடையது முன் டிஸ்க். அதன் தடிமன் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கிறது.

டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் பல இடங்களில் அளந்து, அதற்கு மேல் போதிய சதை இருந்தால் லேத்தில் கடையலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், பேடும் புதிதாகவே போட வேண்டும். பலர் தவறவிடுவது ஹப்பின் முகத்திலுள்ள துரு. அதைக் கம்பி பிரஷால் சுரண்டாமல் புது டிஸ்க்கை வைத்தால், அது கோணலாக உட்கார்ந்து சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே நடுக்கம் திரும்பும். ஏர் கன்னால் தாறுமாறாக முறுக்கிய வீல் நட்டும் இதையே செய்யும். நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லுங்கள். இவ்வகை வண்டிகளில் அளவு பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கிறது.

கேலிப்பரின் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) பின்கள் கையால் தள்ளினாலே நகர வேண்டும். அவற்றுக்கு சிலிக்கோன் பிரேக் கிரீஸ் மட்டுமே. சாதாரண கிரீஸில் ரப்பர் ஊதி, பின் சிக்கிக்கொள்ளும். பேட் 3 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றுங்கள்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது இருக்கட்டும் என்று தள்ளிப்போடுகிற வேலை அல்ல. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அதே விதி கேட்பது 155 மட்டுமே. செங்குத்தான மலைப்பாதையில் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குகிறவருக்கு, ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு போல உள்ளே போவதற்கு இதுதான் காரணம். அங்கே இரண்டாவது, தேவைப்பட்டால் முதல் கியரில் இறங்குங்கள்.

கே (வேலூர்): ஏசி சிக்னலில் நின்றால் குளிர்வதில்லை. வருடா வருடம் கேஸ் ஏற்றுகிறேன்.

ப: ஏசி மூடிய அமைப்பு. வருடா வருடம் கேஸ் குறைகிறது என்றால் கசிகிறது என்றே பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் ஏற்றுவது வீண். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரையோ யுவி சாயமோ வைத்துத் தேடச் சொல்லுங்கள். மூட்டு ஓ-ரிங், கண்டென்சர், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் என்ற வரிசையில் பார்க்கட்டும். சரிசெய்தபின் அரை மணி நேரமாவது வேக்கம் போட்டுவிட்டு, கேஸை எடை பார்த்து ஏற்ற வேண்டும். பானெட்டுக்கு அடியில் ஒட்டிய லேபிளில் கிராம் கணக்கு இருக்கும். கூடுதலாக ஏற்றினாலும் குளிர் குறையும்.

நிற்கும்போது மட்டும் குளிராததற்கு ஃபேனும் கண்டென்சர் அழுக்கும் காரணமாகலாம். மதுரவாயல் பதிலில் சொன்ன சோதனையை முதலில் செய்யுங்கள். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள்.

கே (கோவை): செக் எஞ்சின் விளக்கு சில நேரம் நிலையாக எரிகிறது, மேட்டில் மிதித்தால் மின்னுகிறது. வண்டியும் உதறுகிறது.

ப: மின்னினால் காலை எடுத்து மெதுவாகப் போங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) போய் அங்கே எரிந்து, அதை உருக்கிவிடும். மாற்ற நேர்ந்தால் வண்டியிலேயே மிக விலையுள்ள பாகங்களில் அதுவும் ஒன்று.

ஓபிடி ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) பழுதுக் கோடைப் படியுங்கள். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் சரியாகச் சுடவில்லை. கோடு சொல்வது இடத்தை மட்டும்தான், எந்தப் பாகம் என்பதை அல்ல. எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) மூன்றாவதோடு இடம் மாற்றுங்கள். கோடை அழித்து ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குறை. மறுபடி பி0302-வே வந்தால் ஸ்பார்க் பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன். நாலு காயிலையும் மொத்தமாக மாற்றுவது இந்த அரை மணி நேர வேலைக்குச் சோம்பல்படுகிறவர்களின் வழி.

பிளக்கை ஆறிய எஞ்சினில்தான் கழற்ற வேண்டும், ஹெட் அலுமினியம். மாட்டும்போது கையால் கடைசிவரை திருகியபின்தான் ஸ்பேனர். வாஷர் உள்ள புது பிளக் என்றால் அதன்பின் அரை முதல் முக்கால் சுற்றுக்குள் போதும்.

கே (தூத்துக்குடி): சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் முன்பக்கம் கடகடவென்று சத்தம். ஷாக் அப்சார்பர் போச்சு என்கிறார்கள்.

ப: மெதுவாகப் போகும்போது சிறு குழிகளில் கடகடத்தால் முதலில் லிங்க் ராடை (ஸ்டெபிலைசர் கம்பியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு) சந்தேகியுங்கள். முன் சஸ்பென்ஷனில் விலை குறைந்தது அதுதான், சீக்கிரம் தேய்வதும் அதுதான். இரண்டு பக்கமும் கழற்றிவிட்டுத் தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டினால், சத்தம் நின்றதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மற்றவற்றுக்கு வேறு அடையாளம் உண்டு. பிரேக் மிதிக்கும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஒரே ஒரு ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ் (ஆர்மின் மூட்டிலுள்ள ரப்பர்). நின்றபடி ஸ்டீயரிங் திருப்பினால் மேலே கறகறத்தால் ஸ்ட்ரட் மவுண்ட். முழுதாகத் திருப்பி நகரும்போது டிக் டிக் என்றால் ஆக்சில் ஜாயின்ட். வேகத்தோடு ஏறுகிற உறுமல், வளைவில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். ஷாக் அப்சார்பர் போயிருந்தால் எண்ணெய் வழிந்திருக்கும், அல்லது மேடு தாண்டியபின் வண்டி ஒருமுறைக்கு மேல் குதிக்கும்.

புஷ் மாற்றும்போது ஒன்றை வற்புறுத்திச் சொல்லுங்கள். ஆர்ம் போல்ட்டுகளின் கடைசி இறுக்கத்தை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும். ஆர்ம் தொங்குகிற நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழியும். ‘புது புஷ் தாங்கல’ என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். பிறகு அலைன்மென்ட் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை நுழைக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

கே (ஈரோடு): டிசையர் பெட்ரோல். 1 லட்சம் கி.மீ.-இல் டைமிங் பெல்ட் மாற்றணுமாமே?

ப: உங்களுடையது 1.2 எஞ்சின் என்றால் அதில் பெல்ட்டே இல்லை, செயின்தான். இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்ற கணக்கும் கிடையாது. நேரத்துக்கு ஆயில் மாற்றினால் செயின் நீடிக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி சலசலத்தால் மட்டும் டென்ஷனரை (செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) பார்க்கச் சொல்லுங்கள். வென்டோ 1.5 டீசல் போன்றவற்றில் பெல்ட் உண்டு. அங்கே தள்ளிப்போடவே கூடாது. டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் மூன்றையும் பெல்ட்டோடு சேர்த்து மாற்றுங்கள்.

கே (சேலம்): வருடத்துக்கு 4,000 கி.மீ. கூட ஓடாது. ஆயில் மாற்ற 10,000 வரை காத்திருக்கலாமா? எஞ்சினை ஃபிளஷ் செய்யணுமா (உள்ளே கழுவணுமா)?

ப: காத்திருக்க வேண்டாம், வருடம் ஒருமுறை மாற்றுங்கள். குறைந்த தூர ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூடு ஏறாது, பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிவிடும். ஒழுங்காக மாற்றி வந்த எஞ்சினுக்கு ஃபிளஷ் தேவையில்லை. கையேட்டில் ஆயிலின் தடிமன் எண் 0டபிள்யூ-20 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். ஃபில்டர் ரப்பர் தொட்டபின் கையால் முக்கால் சுற்று. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது.

கே (விழுப்புரம்): ஐயா, இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலால் பழைய வண்டி கெட்டுவிடுமா? மைலேஜ் குறைந்துவிட்டது.

ப: மைலேஜ் குறைவது உண்மை. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இ10-இலிருந்து இ20-க்கு வரும்போது இந்தக் கணக்கில் மூன்று, நாலு சதவீதம் இறங்கும். அதற்கு மேல் மிக அதிகமாக இறங்கியிருந்தால் பழியை எத்தனால் மேல் போடாமல் டயர் காற்று, ஏர் ஃபில்டர், சிக்கிய பிரேக் ஆகியவற்றைப் பாருங்கள்.

பழைய வண்டியில் கவனிக்க வேண்டியது ரப்பர். சர்வீஸுக்கு ஒருமுறை பெட்ரோல் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். ஊதியோ, பிசுபிசுத்தோ, வெடித்தோ இருந்தால் உடனே மாற்றுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஓட்டவே வேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் பழைய பெட்ரோலைத் தேங்க விடாதீர்கள்.

கே (வேளச்சேரி): மழையில் பார்க்கிங்கில் பானெட் வரை தண்ணீர் ஏறி வடிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

ப: சாவியையே போடாதீர்கள், ஸ்டார்ட் பட்டனையும் தொடாதீர்கள். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும். முதலில் நிலைமையைப் படமெடுத்து இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, தள்ளாமல், ஃபிளாட்பெட் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

ஷெட்டில் ஏர் ஃபில்டரைத் திறக்கட்டும். அது நனைந்திருந்தால் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் ஆயில், கியர் ஆயில் இரண்டையும் ஃபில்டரோடு மாற்ற வேண்டும். டிப்ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தால் ஆயிலை இரண்டாவது முறையும் மாற்ற நேரும். சீட்டுக்கு அடியிலுள்ள வயர் கனெக்டர்களைக் கழற்றிக் காய வைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்தபின்தான் பேட்டரியை இணைக்க வேண்டும். ஏர்பேக் வயர்கள் அங்கே ஓடுவதால், பேட்டரி கழன்றிருக்கும்போது மட்டுமே அவற்றில் கை வைக்கச் சொல்லுங்கள்.