கொழுப்பா, சுரப்பியா? ஆண்களின் மார்பு வீக்கம்: வாசகர் கேள்விகள்

கே: ஜிம்முக்குப் போய் 12 கிலோ இறக்கிவிட்டேன். வயிறு கரைந்துவிட்டது, மார்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு கிளினிக்கில், கொழுப்பை உறிஞ்சினாலே போதும், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார்கள். இன்னொரு டாக்டர் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்கிறார். யாரை நம்புவது?
(26 வயது வாசகர், செந்தூல்)

ப: மல்லாந்து படுத்துக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரத்தில் வைத்து, காம்பை நோக்கி மெல்ல நெருக்கிப் பாருங்கள். காம்புக்கு நேர் அடியில் ரப்பர்போல உறுதியான வட்டு ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. தடையே இல்லாமல் விரல்கள் காம்புவரை போனால் வெறும் கொழுப்பு. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். எடை குறைந்தும் மார்பு குறையவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் சுரப்பி இருக்கும் வாய்ப்பே அதிகம். ஸ்கேன் எடுத்தால் தெளிவாகிவிடும்.

இந்த வித்தியாசம்தான் முக்கியம். உறிஞ்சுகுழாய் கொழுப்பை இழுக்கும். நார் பிடித்துப்போன சுரப்பி அதற்கு அவ்வளவு எளிதில் மசியாது. கொழுப்பை மட்டும் எடுத்துவிட்டுச் சுரப்பியை விட்டுவைத்தால், சுற்றியுள்ள இடம் தட்டையாகி, காம்பு முன்பைவிடத் துருத்திக்கொண்டு தெரியும். மலிவு விலைச் சிகிச்சை முடிந்து மறுபடி டாக்டரைத் தேடி வருகிறவர்களின் வழக்கமான குறை இதுதான்.

முறையாகச் செய்தால் இப்படி நடக்கும். உங்களை நிற்கவைத்து மார்பில் பேனாவால் குறியிடுவார்கள். படுத்தால் வடிவம் மாறிவிடும் என்பதால் மேசையில் ஏறும் முன்பே இதைச் செய்தாக வேண்டும். மயக்க மருந்து கொடுத்தபின், உப்புநீரில் மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து மார்பில் செலுத்துவார்கள். தோல் வெளுக்கும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ரத்த இழப்பு குறைவதே இதனால்தான்; அவசரப்பட்டால் ரத்தக்கட்டு வரும். பிறகு 3, 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயால் கொழுப்பை உறிஞ்சிவிட்டு, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் விளிம்பில், நிறம் மாறும் கோட்டிலேயே 2, 3 சென்டிமீட்டர் கீறிச் சுரப்பியை வெளியே எடுப்பார்கள்.

எவ்வளவு எடுப்பது என்பதைவிட எவ்வளவு விட்டுவைப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. காம்புக்கு அடியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் திசு இருக்க வேண்டும். ‘முழுசாக எடுத்துவிடுங்கள் டாக்டர்’ என்று நீங்கள் கேட்டாலும் நல்ல நிபுணர் எடுக்க மாட்டார். எடுத்தால் காம்பு உள்ளே குழிந்து நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடச் சிரமம். எடுத்த திசுவைக் கட்டாயம் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

முதல் 24 மணி நேரம் கவனம் தேவை. ஒரு பக்கம் மட்டும் சட்டென்று புடைத்து, இறுகி, வலி ஏறினால் உள்ளே ரத்தம் தேங்குகிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஓரிரு வாரம் கழித்து மெத்தென்று தளும்பினால் அது நீர்க்கோர்வை. டாக்டர் ஊசியால் உறிஞ்சிவிடுவார், பயமில்லை. இறுக்குச் சட்டையைக் குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும் 4 முதல் 6 வாரம் போட வேண்டும். கோலாலம்பூர் புழுக்கத்தில் இது ஒரு தண்டனைதான். இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். வேர்வையோடு ஒன்றையே போட்டால் தோல் வெந்துபோகும். மறுநாளே நடக்கலாம். மார்புப் பயிற்சி மட்டும் ஒன்றரை மாதம் வேண்டாம். இறுதி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்.

சிகரெட்டும் ‘வேப்’ எனும் மின்சிகரெட்டும் அறுவைக்கு முன் நான்கு வாரம், பின் நான்கு வாரம் கூடாது. நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிக் காம்புத் தோலையே சாகடித்துவிடும். மீன் எண்ணெய், பூண்டு, ஜின்செங் மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஜிம்மில் யாராவது கொடுத்த ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஸ்டீராய்டு ஹார்மோன்தான் காரணம் என்றால், அறுவைக்குப் பிறகு அதை மறுபடி தொடும்போது மிச்சமிருக்கும் திசு திரும்ப வளரும்.

கே: என் மகனுக்கு 14 வயது. இரண்டு பக்கமும் சின்னதாக வீங்கி, தொட்டால் வலிக்கிறதாம். பள்ளியில் நீச்சலுக்குப் போக மறுக்கிறான். ஆபரேஷன் செய்துவிடலாமா?
(ஒரு தாய், பட்டர்வொர்த்)

ப: வேண்டாம் அம்மா, பொறுங்கள். பருவ வயதில் ஹார்மோன் ஏறி இறங்கும்போது பையன்களில் பாதிப்பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் தானாக வற்றிவிடும். வளர்ச்சி முடியும் முன்பே அறுத்தால் மறுபடி வரவும் கூடும். ஆனாலும் ஒருமுறை கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) காட்டிவிடுங்கள். டாக்டர் விதைப்பையையும் சோதிக்க வேண்டும். பையன் கூச்சப்பட்டாலும் அதைத் தவிர்க்கக் கூடாது. அரிதாக, விதைக்கட்டி இப்படித்தான் முதலில் தலைகாட்டும். நீச்சலுக்கு உடலோடு ஒட்டும் கைவைத்த சட்டை போட்டு அனுப்புங்கள். வீட்டில் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு அலகுக் காவடி எடுப்பதாக வேண்டுதல். அதற்குள் இந்த அறுவையை முடித்துவிட நினைக்கிறேன். எத்தனை மாதம் முன்பு செய்யலாம்?
(31 வயது வாசகர், ஆயர் ஈத்தாம்)

ப: தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வருவதால் முந்தைய ஜூலைக்குள் அறுவையை முடித்துக்கொள்ளுங்கள். அதுவும் பால்குடமோ தோளில் தாங்கும் காவடியோ எடுப்பதற்கான கணக்கு. நெஞ்சில் அலகும் கொக்கியும் குத்துவதை அந்த வருடம் விட்டுவிடுங்கள் தம்பி. காம்பைச் சுற்றிய பகுதி மாதக்கணக்கில் மரத்திருக்கும். கொக்கி இழுத்துத் தோல் கிழிந்தாலும் உங்களுக்கு உணர்வு தெரியாது. முதுகில் குத்துவதற்கும் உங்கள் டாக்டரின் ஒப்புதல் வேண்டும். இன்னொன்று, முன்பு அலகு குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு மேடாக வளர்ந்திருக்கிறதா? அப்படியென்றால் நெஞ்சிலும் வளரலாம், அறுவைக்கு முன்பே காட்டிவிடுங்கள். காயம் மூடியதும் சிலிக்கான் ஜெல் தடவச் சொல்வார்கள், மூன்று மாதமாவது விடாமல் தடவுங்கள். ஆறாத காயத்தில் மஞ்சளும் திருநீறும் வேண்டாம். வெயில் பட்டால் தழும்பு கறுக்கும் என்பதால் ஊர்வலத்தன்று அந்த இடத்தை மூடிவையுங்கள்.

கே: வயது 61. கல்லீரல் கோளாறுக்கு ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறேன். இடது மார்பு மட்டும் வீங்கியிருக்கிறது.
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

ப: ஐயா, அந்த மாத்திரைக்கே மார்பை வீங்கவைக்கும் குணம் உண்டு, கல்லீரல் கோளாறும் அதைச் செய்யும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்; மாற்று மருந்து உண்டா என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் வீங்குவதால் மாத்திரை மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 100க்கு ஒன்று ஆண்களுக்கு வருகிறது. கட்டி காம்பிலிருந்து விலகிக் கல்லாக இருக்கிறதா, தோல் உள்ளிழுக்கிறதா, ரத்தக்கசிவு இருக்கிறதா, அக்குளில் முடிச்சு தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மேமோகிராமும் ஸ்கேனும் இந்த வாரமே எடுங்கள்.

கே: மெடிக்கல் கார்டில் செய்ய முடியுமா? செலவு எவ்வளவு?
(வாசகர், கெப்போங்)

ப: அழகுக்கான அறுவை என்று பெரும்பாலான கார்டுகள் தள்ளிவிடும். அறுவைக்கு முன்பே காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செலவு இடத்துக்கு இடம் மாறும் என்பதால் ஒரே தொகையாகச் சொன்னால் ஏற்காமல், மயக்க டாக்டர் கட்டணம், அறுவைக்கூடம், ஆய்வகம், இறுக்குச் சட்டை, மறுபடி வெட்ட நேர்ந்தால் யார் கட்டுவது என்று பிரித்துக் கேளுங்கள். டாக்டர் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அழகு நிலையங்களுக்கு இந்த வேலையைச் செய்ய அனுமதியே கிடையாது, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.