கரண்ட் கொடுப்பவன்

அன்புள்ள சார்,

நான் கொடுங்கையூரில் இருக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து ஒரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) எழுதியிருக்கிறேன். 1987-ல் ராயபுரம் ஸ்டேஷனைத் தளமாகக் கொண்டு இயங்கும் ஐந்து பேர் சூப்பர்ஹீரோ அணிதான் கதை. அப்பா சேர்த்து வைத்திருந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும்தான் தூண்டுதல். விதிப்புத்தகத்தை இணைத்திருக்கிறேன். விளையாடியவர்கள் எல்லோரும் "நல்லாருக்கு, ஒரு தடவை போதும்" என்கிறார்கள். இருபது முகப் பகடையை விட்டுச் சாதாரணப் பகடைக்கு மாறலாமா? பழைய காமிக்ஸ் வாசனையை இன்னும் கூட்டவா? விலை 399 ரூபாய் வைக்கலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பிடிஎஃப் இணைத்து வரும் கடிதங்களை நான் பெரும்பாலும் திறப்பதில்லை. உங்களுடையதைத் திறந்ததற்குக் காரணம் முத்து காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி. அவருடைய பழைய இதழ் ஒன்றுக்கு ஒருவர் சொன்ன விலையைக் கேட்டதிலிருந்து, அந்தப் புத்தகங்களை வைத்து நாங்கள் அப்போது என்னதான் செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பகடை. மாறிவிடுங்கள். இருபது முகப் பகடையில் 1 விழவும் 11 விழவும் 20 விழவும் ஒரே வாய்ப்புதான். இரண்டு சாதாரணப் பகடைகளைக் கூட்டினால் 36-ல் 6 வழியில் ஏழு வரும், பன்னிரண்டு ஒரே வழியில்தான் வரும். ஆடுகிறவனுக்குத் தன் பலம் என்ன என்று ஒரு நிதானம் கிடைக்கும். விலையை அச்சகத்தில் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

அடுத்தது வாசனை. எல்லாப் பக்கத்துக்கும் பின்னால் பழுப்பு நிறம் அடித்து, ஓரத்தில் கிழிசல் வேறு வரைந்திருக்கிறீர்கள். எதற்கு? அந்தப் புத்தகங்கள் எங்கள் கைக்கு வந்தபோது பழுப்பாக இல்லை, தம்பி. புதுசாக இருந்தன. மை விரலில் ஒட்டும். நீங்கள் பார்த்தது உங்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் நாற்பது வருஷம் கிடந்த காகிதத்தை. அப்பாவின் ஏக்கத்தை மகன் சுமப்பதில் தப்பு ஒன்றும் இல்லை, எனக்கு அது பிடித்துமிருந்தது. ஆனால் அவர் ஏங்குவது காகிதத்துக்காகத்தானா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்புறம், ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல் திறக்கப்பட்டது என்பதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடம் போதும்.

இப்போது எனக்கு உறுத்திய விஷயம். உங்கள் விளையாட்டில் அணியே இல்லை. ஐந்து பேர் இருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் தனித்தனி சக்தி, தனித்தனிப் புள்ளி. ஒருவர் பகடை உருட்டும்போது மற்ற நால்வரும் போன் பார்க்கலாம். அதனால்தான் ஒரு தடவை போதும் என்கிறார்கள்.

யோசித்தால் உங்களைக் குறை சொல்லவும் முடியாது. நாங்கள் படித்த காமிக்ஸிலேயே அணி கிடையாது. 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே மாயாவியோடுதான். அவர் தனி ஆள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். 1984-ல் தொடங்கிய லயனில் வந்த ஸ்பைடருக்கு (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு) பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு பேர் உண்டு. அவர்களும் நண்பர்கள் இல்லை, அடியாட்கள்தான்.  

அணி இருந்தது தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு மொட்டைமாடியில். சாயங்காலம் அங்கே மாயாவி ஆட்டம் ஆடுவோம். வலது கையில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டால் மாயாவி. கதையில் அவர் தானே போய்க் கம்பியைத் தொடுவார். எங்களுக்கு அது கட்டுப்படி ஆகுமா? முதுகுத்தோலை உரித்துவிடுவார்கள். அதனால் ஒரு விதி செய்தோம். இன்னொருவன் ஒரு கையால் தண்ணீர் டேங்க் பைப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாயாவியின் முழங்கையைத் தொட்டு "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் விட வேண்டும். அப்போதுதான் மாயாவி மறைவான். மாயாவி முப்பது எண்ணி முடிக்கும்வரை கரண்ட் கொடுத்தவன் பைப்பை விடக் கூடாது. ஓட முடியாது, எதிரி வந்தால் அவன்தான் முதலில் மாட்டுவான்.

"டேய், கரண்ட் குடுடா!" என்று மாடி முழுக்கக் கத்தல். மத்தியானம் மாங்காய்ப் பத்தையைப் பங்கு தராதவனுக்கு சாயங்காலம் கரண்ட் கிடைக்காது. எவ்வளவு பெரிய வெள்ளித்தாள் சுற்றியிருந்தாலும் அவன் நட்டநடு மாடியில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறபடி நிற்பான். கொஞ்ச நாளில் மாயாவியாக இருக்க யாருக்கும் ஆசையில்லை, கரண்ட் கொடுக்கத்தான் அடிதடி. நான் பாதி நாள் கரண்ட்.

நாங்கள் விளையாட்டாகச் செய்ததை அமெரிக்காவில் பிற்பாடு விதியாகவே எழுதினார்கள். ஆனால் எடுத்த எடுப்பில் இல்லை. 1981-ல் வந்த சாம்பியன்ஸ் என்ற சூப்பர்ஹீரோ ரோல்பிளேயிங் கேமில் ஒவ்வொருவரும் புள்ளி கொடுத்துத் தன் சக்தியை வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் விளையாட்டு அந்த வகை. 2016-ல் பிரெண்டன் கான்வே எழுதிய மாஸ்க்ஸ் என்ற கேமில் கதையே வேறு. அணிக்கென்று பொதுவான புள்ளிக் கையிருப்பு உண்டு. அதிலிருந்து எடுத்துத்தான் தோழனின் பகடைக்குக் கூட்ட முடியும். உன்மேல் செல்வாக்குள்ள ஒருவர் "நீ இப்படிப்பட்டவன்" என்று சொன்னால் உன் எண்களே ஏறி இறங்கும். இதைப் படிக்காமல் சூப்பர்ஹீரோ அணி என்று அட்டையில் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

உங்கள் ஐந்து பேரில் காசிமேட்டு மீன் ஏலக்காரி இருக்கிறார். அவருக்குக் குரலால் கண்ணாடியை உடைக்கும் சக்தி கொடுத்திருக்கிறீர்கள். அநியாயம். விடியற்காலையில் போய் அந்த ஏலத்தைப் பாருங்கள். யாரிடம் விலையை ஏற்றலாம், யாருக்குக் கடன் சொல்லலாம், யார் முகத்தையே பார்க்கக் கூடாது என்பதெல்லாம் ஏலம் விடுகிறவருக்குத் தெரியும். மற்ற நால்வரின் சக்தியையும் பிடுங்கி அவர் கையில் கொடுங்கள். வேண்டுமென்றால் அவரிடம் ஏலம் கேட்டு எடுக்கட்டும். கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அவருக்கும் ஏதாவது ஒன்று குறைய வேண்டும், இல்லாவிட்டால் அவர் கடைக்காரி ஆகிவிடுவார்.

முதல் ஆட்டத்திலேயே சண்டை வரும். வரட்டும். யார் யாருக்கு எதற்காகக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் குறித்து எனக்கு அனுப்புங்கள்.