சேமலாப நிதிப் பணத்தில் பழைய பென்ஸ் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. சீனன்குடாப் பக்கம் ஒரு ஆலையில் 33 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றேன். ஓய்வூதியம் கிடையாது. சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்து 70 லட்சம் ரூபா வங்கியில் இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மகன் மாதம் 40,000 அனுப்புகிறான். உவர்மலையில் சொந்த வீடு உண்டு. நிலாவெளி வீதியில் ஒரு துண்டுக் காணி சும்மா கிடக்கிறது. மனைவிக்கு நீரிழிவு, மாதாமாதம் மருந்துச் செலவு இருக்கிறது. சின்ன வயதில் துறைமுக அதிகாரி ஒருவரின் வெள்ளை பென்ஸ் எங்கள் தெருவால் போகும்போது விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது குருநாகலில் 1982ஆம் ஆண்டு பென்ஸ் 240டி ஒன்று 45 லட்சத்துக்கு வருகிறது. விற்பவர் அதை 2019இல் 26 லட்சத்துக்கு வாங்கினாராம். "வங்கியில் போட்டால் காசு தேயும், பென்ஸில் போட்டால் ஏறும்" என்கிறார். பழைய பென்ஸ் ஒன்று 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்ற செய்தியையும் காட்டினார். கல்யாண வாடகைக்கு விட்டால் மாதம் 50,000 எடுக்கலாம் என்பது என் கணக்கு. 50,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீதியை மாத முடிவில் கொடுக்க வேண்டும். இதை முதலீடாக எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: ஐயா, மாத முடிவில் அந்த மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் ஆசையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த 70 லட்சம்தான் உங்களுக்கும் அம்மாவுக்கும் ஓய்வூதியம். அதில் பாதிக்கு மேல் எடுத்து 40 வயது தாண்டிய ஒரு காரில் போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

முதலில் அந்தக் காரின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் விற்பவர் உங்களுக்கு விற்பதில் பாதி அந்தக் கதைதான்.

பென்ஸின் தொடக்கமே ஒரு சீதனப் பணம். 1871இல் கார்ல் பென்ஸின் பட்டறை மூழ்கும் நிலையில் இருந்தது, பங்காளியோடும் ஒத்துப்போகவில்லை. அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெர்த்தா, கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனத்தை வாங்கி, அந்தப் பங்காளியின் பங்கை விலைக்கு எடுக்கக் கொடுத்தார். 1886 ஜனவரி 29ஆம் தேதி கார்ல் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். வண்டி செய்தாயிற்று, வாங்கத்தான் ஆளில்லை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு அந்த வண்டியிலேயே போய்ச் சேர்ந்தார். நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். இந்த வண்டியை நம்பித் தூரம் போகலாம் என்று ஊர் நம்பியது அதற்குப் பிறகுதான். பணத்தைப் பற்றி எழுதுகிற எனக்கு இந்தப் பெண்ணின் கதையை எத்தனை தடவை சொன்னாலும் அலுப்பதில்லை. அவர் சீதனத்தைப் போட்டது உற்பத்தி செய்யும் ஒரு பட்டறையில்.

'மெர்சிடிஸ்' என்ற பெயர் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் தனியாகக் கார் செய்துகொண்டிருந்தார்கள். நீஸ் நகரில் இருந்த எமில் யெலினெக் என்ற வியாபாரி 1900இல் அவர்களின் நிறுவனத்திடம் ஒரேயடியாக 36 கார்களுக்கு ஓடர் கொடுத்தார். என்ஜினுக்குத் தன் மகள் மெர்சிடிஸின் பெயரை வைக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார். 1902இல் அந்தப் பெயர் வணிகச் சின்னமாகப் பதிவானது. நிலம், நீர், வானம் மூன்றிலும் தங்கள் என்ஜின் ஓட வேண்டும் என்ற டைம்லரின் கனவுதான் அந்த மூன்று முனை நட்சத்திரம், பதிவு 1909. முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியில் பணவீக்கம் வெறிகொண்டு ஏறி, கையிலிருந்த மார்க் வெறும் தாளாகியபோது இரண்டு நிறுவனங்களாலும் தனித்து நிற்க முடியவில்லை. 1926இல் ஒன்றாகி மெர்சிடிஸ்-பென்ஸ் ஆனார்கள்.

நம் நாட்டில் அந்த நட்சத்திரம் காரில் மட்டும் வரவில்லை. 1954 முதல் டாட்டா நிறுவனம் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து லொறி செய்தது. அந்த நிறுவனத்தின் முதல் ஏற்றுமதி 1961இல் இலங்கைக்கு வந்தது. நெல் ஏற்றியவர்களும் மரம் ஏற்றியவர்களும் 'டாட்டா பென்ஸ்' என்று மரியாதையோடு சொன்னது அப்படித்தான். ஆக, பென்ஸ் என்றால் பணக்காரரின் பவுசு என்பதோடு, பாரம் இழுக்கும், பாதியில் நிற்காது என்ற எண்ணமும் நம் ஆட்களுக்கு உண்டு. உங்கள் 240டி அந்த இரண்டாவது வகை. வேகம் இல்லை, ஆனால் உழைக்கும். அதற்கு முந்தைய தலைமுறை 240டி ஒன்றை கிரேக்க டாக்சி ஓட்டுநர் ஒருவர் 46 லட்சம் கிலோமீற்றர் ஓட்டி, 2004இல் மெர்சிடிஸ் நிறுவனத்துக்கே கொடுத்தார். அது அவர்களின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்ஜினைப் பல தடவை கழற்றி மாற்றித்தான் அந்த வண்டி அவ்வளவு தூரம் ஓடியது. அதையும் மறக்க வேண்டாம்.

சரி, விற்பவர் காட்டிய 13 கோடியே 50 லட்சம் யூரோ. செய்தி உண்மைதான். 2022இல் விற்ற அது, 1955ஆம் ஆண்டின் 300 எஸ்எல்ஆர் கூப்பே. உலகத்தில் மொத்தம் இரண்டே இரண்டு. கதவு மேலே திறக்கும் புகழ்பெற்ற 300 எஸ்எல் கூட 1,400தான் செய்தார்கள், அதனால் அதற்கும் பெரிய விலை. நீங்கள் பார்த்திருக்கும் 123 வரிசைக் கார் ஏறத்தாழ 27 லட்சம் வெளியே வந்தது. பெயர் ஒன்று என்பதால் அந்தக் காரின் விலைக்கும் இந்தக் காரின் விலைக்கும் முடிச்சுப் போட முடியாது. கோணேசர் கோயில் வாசலில் விற்கும் தாமரையும் கடையில் இருக்கும் வெள்ளித் தாமரையும் பெயரால் ஒன்றுதானே.

இனி அந்த 26 லட்சம், 45 லட்சம் கணக்கு. 2019இல் டொலர் ஏறத்தாழ 180 ரூபா. 26 லட்சம் என்றால் 14,400 டொலர். இப்போது டொலர் 300 என்று எடுத்தால் 45 லட்சம் 15,000 டொலர். ஆறு வருடத்தில் 600 டொலர்! அந்த ஆறு வருடத்து டயர், பற்றரி, கராஜ் செலவை இன்னும் கழிக்கவில்லை. ஏறியது காரின் மதிப்பு அல்ல, விழுந்தது நம் ரூபா. அதோடு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், அதனால் நாட்டில் இருந்த பழைய கார்களுக்கெல்லாம் கிராக்கி வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்துவிட்டது. ரூபா இன்னொரு தடவை அப்படி விழுந்தால்தான் அந்த ஏற்றம் திரும்ப வரும்.

"வங்கியில் போட்டால் தேயும்" என்ற பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் அதே 26 லட்சத்தை 2019இல் நிலையான வைப்பில் போட்டு வட்டியையும் சேர்த்துப் புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால்? நடுவில் 20 வீதத்துக்கு மேலும் கொடுத்தார்கள், 6 வீதத்துக்கும் இறங்கினார்கள். சராசரி 10 வீதம் என்று வைத்தால் ஆறு வருடத்தில் 46 லட்சம். கார் தந்ததைத்தான் வங்கியும் தந்திருக்கும். வங்கிப் பணத்துக்கு மழையில் துரு ஏறாது.

இப்போது உங்கள் வீட்டு வரவுசெலவு. 8 வீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 70 லட்சத்துக்கு மாதம் 46,600 ரூபா வரும். மகன் அனுப்புவதையும் சேர்த்தால் 86,600. காரை வாங்கிவிட்டால் மிச்சம் 25 லட்சம், அதற்கு வட்டி 16,600. மகன் பணத்தோடு 56,600. மாதம் 30,000 குறைகிறது. அம்மாவின் மருந்தும் மின்சாரக் கட்டணமும் குறையப் போவதில்லை. அதற்கு மேல் காருக்கு டீசல், காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப் பத்திரம், கராஜ். மகனுக்கு அங்கே ஒரு மாதம் வேலை இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள்? காரை அவசரத்துக்கு விற்கப் போனால் 45 லட்சம் கேட்டு யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள்.

கல்யாண வாடகையை நம்புகிறீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. மிச்ச மாதங்களில் முகூர்த்தம் எல்லாம் நல்ல நாள் பார்த்து ஒரே நாளில் விழும். அன்று நாலு வீட்டார் கேட்டாலும் உங்களிடம் இருப்பது ஒரு கார். வருடத்துக்கு 12 கல்யாணம், ஒன்றுக்கு 25,000 என்றால் 3 லட்சம். காரில் போடும் 45 லட்சத்துக்கு வங்கி வட்டியே 3 லட்சத்து 60 ஆயிரம். சாரதிக்கும் டீசலுக்கும் கொடுக்கும் முன்பே நட்டம். இன்னொன்று, தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு வாடகைக்கு ஓடி, மணப்பெண்ணோடு ஒரு விபத்து நடந்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். இதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

துரு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருப்பது திருமலை. மூன்று பக்கமும் கடல், உவர்மலையில் சாயந்தரம் ஜன்னல் கம்பியைத் தடவினாலே கையில் உப்பு. 123 வரிசையின் என்ஜின் எவ்வளவு திடமோ, தகரம் அவ்வளவு பலவீனம். ஜாக்கி வைக்கும் இடம், சக்கர வளைவு, பற்றரித் தட்டுக்குக் கீழே, பின்பெட்டியில் உபரிச் சக்கரம் இருக்கும் குழி, காலடித் தளம், இவ்வளவும் முதலில் போகும். குருநாகல் காற்றில் நன்றாக இருந்த கார் இங்கே இரண்டு மாரி கண்டதும் டிங்கரிங் பட்டறைக்குப் போகும். கதவுப் பூட்டும் என்ஜினை நிறுத்துவதும் வெற்றிடக் குழாய்களால்தான் வேலை செய்யும். குழாயில் ஒரு கசிவு வந்தால் சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் புரிந்து பார்க்கக்கூடிய மெக்கானிக் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள்.

பணத்தை என்ன செய்வது? 10 லட்சத்தை உடனே எடுக்கக்கூடிய சேமிப்பில் வையுங்கள், அது ஆஸ்பத்திரிக்கும் அவசரத்துக்கும். மிச்சம் 60 லட்சத்தை ஒரே வங்கியில் போடாமல் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரி நிலையான வைப்பிலும், அரசுக்குக் குறுகிய காலத்துக்குக் கடன் கொடுக்கும் திறைசேரி உண்டியலிலும் போடுங்கள். வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் வரைதான் பொறுப்பேற்கும். கூட வட்டி தருகிறோம் என்று வரும் சிறிய நிதிக் கம்பனிகளிடம் போகும்போது இதை நினைவில் வையுங்கள். வட்டியில் 10 வீத வரி பிடிப்பார்கள். உங்கள் மொத்த வருமானம் வருடத்துக்கு 18 லட்சத்துக்குக் கீழே என்பதால், அதற்கான பிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். 60 தாண்டியவர்களுக்குக் கூடுதல் வட்டி உண்டா என்றும் கேளுங்கள், கேட்காமல் அவர்களாகச் சொல்வது குறைவு.

அப்புறம் பென்ஸ். அதற்கு நான் ஒரு வழி பார்க்கிறேன், அது நிலாவெளி வீதிக் காணி. அந்தக் காணி உங்களுக்கு மாதம் ஒரு சதமும் தரவில்லை. அதை அவசரமில்லாமல் நல்ல விலைக்கு விற்க முடிந்தால், வரும் பணத்தில் பெரும் பங்கை வைப்பில் சேர்த்துவிட்டு, கால் பங்குக்கு மேல் போகாமல் ஒரு தொகையைக் காருக்கு ஒதுக்குங்கள். அந்தக் காசு திரும்பி வராது என்று எழுதிவைத்துவிட்டு வாங்குங்கள். அன்று நீங்கள் அம்மாவை முன்சீற்றில் ஏற்றிக்கொண்டு கன்னியா வரை போய்வந்தால் எனக்கும் சந்தோஷம். அப்போது கார் பார்க்கப் போகும்போது துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது. என்ஜின், சேசி இலக்கங்கள் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள், சில வண்டிகளில் ஜப்பான் என்ஜினை ஏற்றிவிட்டுப் புத்தகத்தை மாற்றியிருக்க மாட்டார்கள். பதிவைத் தன் பெயருக்கு மாற்றாமல், பழைய உரிமையாளர் கையெழுத்துப் போட்ட பத்திரத்தோடு 'ஓப்பன் பேப்பரில்' தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுத்த 50,000க்கு ரசீது இருக்கிறதா? அதில் எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள். இன்றே போன் எடுத்து, வீட்டு நிலைமையால் வாங்க முடியவில்லை என்று நேராகச் சொல்லிக் கேளுங்கள். வேறு ஆள் வாங்கிய பிறகு தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேதியோடு எழுதி வாங்குங்கள். தரவே மாட்டேன் என்று நின்றால், அந்த 50,000ஐ விட்டுவிடுங்கள். மீட்கும் ஆசையில் மிச்சம் 44 லட்சத்து 50 ஆயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள் ஐயா.