ஆஃபர் லெட்டர்ல "சஃபாரி கைடு"ன்னு போட்டுருக்கே, அதப் பாத்தீங்களா அண்ணே?

அண்ணே, தான்சானியால ஹோட்டல் வேலைக்குன்னு உங்க பையனுக்கு வந்த லெட்டர வாட்ஸ்அப்புல அனுப்புனீங்கல்ல, அத ரெண்டு தடவ படிச்சேன். நீங்க பதறிப்போய் கேட்டது ஒண்ணு, "ஆப்பிரிக்காவாச்சே, சிங்கம் புலி திரியிற எடத்துக்கு புள்ளைய அனுப்பலாமா"ன்னு. (புலி அங்க கெடையாதுண்ணே, அது நம்ம முதுமலைலதான்.) எனக்கு இடிச்ச எடம் வேற. ரெண்டாவது பக்கத்துல என்ன வேலைன்னு போட்ட எடத்துல "கெஸ்ட் ரிலேஷன்ஸ் கம் சஃபாரி கைடு"ன்னு இருக்கு பாருங்க, அந்த ஒரு வரிதான். தான்சானியா அரசாங்கம் 2025 ஜூலைல ஒரு உத்தரவு போட்டுச்சு, வெளிநாட்டுக்காரங்க செய்யக்கூடாத தொழில்னு 15 அயிட்டம், செல்ஃபோன் ரிப்பேர், மொபைல்ல பணம் அனுப்புற கடை, சுற்றுலாக்காரங்களுக்கு பொம்மை ஞாபகப்பொருள் விக்கிற கடைன்னு போற அந்த லிஸ்ட்ல டூர் கைடு வேலையும் இருக்கு. மீறினா அபராதம், ஜெயில், விசா பர்மிட் எல்லாம் கேன்சல். அப்ப அந்த லெட்டர் அடிச்சவனுக்கு ஒண்ணு இந்த விஷயமே தெரியல, இல்ல தெரிஞ்சே பையனுக்கு ஆசை காட்ட போட்டுருக்கான். தம்பி இன்ஸ்டாவுல யானை வீடியோவா போடுறவன், அவனுக்கு எந்த வார்த்த இனிக்கும்னு ஏஜெண்டுக்கு தெரியாதா என்ன.

அதுக்காக அந்த ஊரு மோசம், சுற்றுலாத் தொழில் படுத்துருச்சுன்னு நெனச்சுறாதீங்க, கதை நேர் எதிர். 2019ல தான்சானியாவுக்கு 15 லட்சம் பேர் வந்தாங்க, கொரோனா வந்து 2020ல அது 6 லட்சத்துக்கு இறங்கிருச்சு, 2023ல 18 லட்சம், 2024ல 21 லட்சத்த தாண்டிருச்சு. அந்த ஒரு வருஷ வருமானம் மட்டும் 390 கோடி டாலர் கிட்ட. நாட்டுக்கு வர்ற வெளிநாட்டுப் பணத்துல ஏறக்குறைய கால்வாசி இந்தத் தொழில்லருந்துதான். ஜனாதிபதி சமியா சுலுஹு ஹசன் அவங்களே கேமரா முன்னாடி நின்னு ஊர சுத்திக் காட்டுன விளம்பரப் படம் 2022ல வந்துச்சு, அவ்வளவு முக்கியம் அவங்களுக்கு. மிருகம் பாக்குற செரெங்கெட்டி பார்க், ங்கோரோங்கோரோ பள்ளம், 5895 மீட்டர் கிளிமஞ்சாரோ மலை, பக்கத்துலயே சான்சிபார் தீவுக் கடற்கரை, இதெல்லாம் ஒரே நாட்டுக்குள்ள வச்சுருக்கான், வெள்ளக்காரன் ஒரு வாரம் காட்டுல மிருகம் பாத்துட்டு அடுத்த வாரம் கடல்ல போய் படுத்துக்குறான். நம்ம ஐஐடி மெட்ராஸே முதல் வெளிநாட்டு கேம்பஸ 2023ல சான்சிபார்லதான் தொறந்துச்சு, அதனால "ஆப்பிரிக்காவா"ன்னு உங்க மச்சான் மூஞ்சிய சுளிச்சா இத சொல்லி வாய அடைங்க.

ஆனா தொழில் நல்லாருக்குறது வேற, அதுல நம்ம பையனுக்கு எடம் இருக்குறது வேற. எனக்கு வர்ற பேரண்ட்ஸ் எல்லாரும் சறுக்குறது இந்த எடத்துலதான்.

வெளிநாட்டுக்காரன வேலைக்கு வைக்கணும்னா அந்த ஹோட்டல் 2015ல வந்த சட்டப்படி அங்க உள்ள லேபர் ஆபீஸ்ல, இந்த வேலைய செய்ய உள்ளூர்ல ஆள் கெடைக்கலன்னு காட்டணும், கூடவே நாளைக்கு அந்த எடத்துக்கு உள்ளூர்க்காரன எப்படி தயார் பண்ணப் போறோம்னும் எழுதிக் குடுக்கணும். பர்மிட் ரெண்டு வருஷம், நீட்டிச்சு நீட்டிச்சு போனாலும் பொதுவா அஞ்சு வருஷம்தான். புரியுதாண்ணே, தம்பி அங்க போறதே தன் சீட்டுக்கு இன்னொருத்தனுக்கு ட்ரெய்னிங் குடுத்துட்டு வரத்தான். அது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், அவன் நாடு, அவன் புள்ளைங்க வேலைக்கு போகணும், மலை ஏறுறவன் மூட்டைய தூக்குறதுலருந்து வண்டி ஓட்டுறது, கைடு வேலை வரைக்கும் அவங்க கையிலதான் இருக்கணும், இருக்கு. நமக்கு தொறந்துருக்குறது கொஞ்சம் தேர்ச்சி வேணும்ங்கிற எடம். தந்தூர், இந்தியன் கிச்சன், பேக்கரி செஃப், ரூம் ரேட்ட முடிவு பண்ற ரெவின்யூ மேனேஜர், அக்கவுண்ட்ஸ், ஏசி ஜெனரேட்டர் பாக்குற இன்ஜினியரிங் ஆள், இந்த மாதிரி. காலேஜ் முடிச்சு ஆறு மாசம்கூட ஆகாத பையனுக்கு "உள்ளூர்ல ஆள் இல்ல"ன்னு எந்த மொதலாளி எழுதிக் குடுப்பான், குடுத்தாலும் ஆபீசர் நம்பணுமே.

எங்கிட்ட கவுன்சிலிங் வந்த ஒரு பையன், நாலு வருஷம் சென்னைல ஹோட்டல் கிச்சன்ல கறி செக்‌ஷன்ல நின்னுட்டு போனவன், இப்ப செரெங்கெட்டி பக்கம் ஒரு டெண்ட் கேம்ப்ல இருக்கான். அவன் சொன்னத அப்டியே சொல்றேன். அருஷாங்கிற டவுன்லருந்து காய்கறி வண்டி வர ஏழெட்டு மணி நேரம், பாதி ரோடு புழுதி, வண்டி எங்கயாச்சும் நின்னுருச்சுன்னா அன்னைக்கு மெனு அவன் கையில இல்ல. காலைல நாலரைக்கு எந்திரிச்சு டிஃபன் டப்பா கட்டணும், ஏன்னா கெஸ்ட் ஆறு மணிக்கே ஜீப்ல கெளம்பிருவாங்க, அவங்களுக்கு ப்ரேக்ஃபாஸ்ட் காட்டுக்குள்ள மரத்தடிலதான். கேம்ப சுத்தி வேலி கெடையாது. இருட்டுனப்புறம் கிச்சன்லருந்து தன் ரூமுக்கு போகணும்னாகூட தனியா நடக்கக்கூடாது, அஸ்காரின்னு சொல்ற காவல்காரர் டார்ச் அடிச்சுட்டு கூட வருவாரு, சமைக்கிறவனா இருந்தாலும் அதே ரூல்தான். இதுதான் நீங்க கேட்ட சிங்கத்துக்கு பதில். சிங்கத்த விட அவன் கஷ்டமா சொன்னது தனிமைய, வாரக்கணக்குல கேம்ப்புக்குள்ளயே இருக்கணும், டவர் வந்தா வந்தது. சாப்பாட்டுக்கு கவலப்படாதீங்க, அங்க உள்ளவங்களுக்கே சப்பாத்தி சப்பாத்திதான், டீ சாய்தான், பேர்கூட மாத்தல.

அப்புறம் மாசம். உங்க லெட்டர்ல ஜாயினிங் மார்ச் 20ன்னு இருக்கு. அங்க மார்ச் கடைசிலருந்து மே வரைக்கும் பெருமழை, மசிக்கான்னு சொல்லுவாங்க, நெறைய கேம்ப்பு ஏப்ரல், மே மாசத்துல மூடிருவாங்க, சான்சிபார்லயும் சில ரிசார்ட்டு அப்ப பூட்டிட்டு ரிப்பேர் வேலை பாப்பாங்க. கூட்டம்னா ஜூன்லருந்து அக்டோபர், அதுலயும் ஜூலைக்கு மேல வில்டபீஸ்ட்ங்கிற காட்டு மாடு கூட்டம் மாரா ஆறு தாண்டுறத பாக்க அடிச்சுப் பிடிச்சு வருவாங்க, திரும்ப டிசம்பர்லருந்து பிப்ரவரி. கூட்டமே இல்லாத நேரத்துல ஒரு ஃபிரஷ்ஷர எதுக்கு கூப்புடுறாங்கன்னு நான் கேப்பேன், பெயிண்ட் அடிக்கவான்னு. மழை மாசத்துல சம்பளம் முழுசா உண்டா, பாதியா, இல்ல "அன்பெய்ட் லீவு"ன்னு ஊருக்கு அனுப்பிருவாங்களா, அப்ப டிக்கெட் யார் தலைல, இதெல்லாம் காண்ட்ராக்ட்ல ஒரு வரிகூட இல்ல. "விசா அரேஞ்ச்டு"ன்னு மட்டும் இருக்கு. எந்த விசா? 50 டாலர் டூரிஸ்ட் விசாவும் விசாதான், அதுல போய் எறங்கி வேலை பாத்தா பிடிபட வேண்டியதுதான். வேலைக்கு வொர்க் பர்மிட் தனி, ரெசிடென்ஸ் பர்மிட் தனி, ரெண்டும் சேந்தா நம்ம காசுக்கு லட்சத்த தாண்டும், அத கட்ட வேண்டியது கம்பெனி. இன்னொன்னு, சான்சிபாருக்கு தனி அரசாங்கம், அங்க வேலை பர்மிட் குடுக்குற ஆபீசும் தனி, "மொதல்ல அருஷா, அப்புறம் தீவுக்கு மாத்திவிடுறோம்"னு வாய்ல சொன்னத நம்பாதீங்க.

போன வருஷம் இன்னொரு பையன் இப்டித்தான், டூரிஸ்ட் விசால எறங்கிட்டான், பர்மிட் வருது வருதுன்னு மூணு மாசம், பாஸ்போர்ட்ட வேற மேனேஜர் வாங்கி வச்சுக்கிட்டாரு, கடைசில அப்பா கடன் வாங்கி டிக்கெட் போட்டுத்தான் திரும்பி வந்தான். அந்த எடம் பேரு வேண்டாம். ஏஜெண்டு அவங்ககிட்ட வாங்குனது ஒன்றரை லட்சம், உங்ககிட்ட 1,80,000 கேக்குறாரு. நம்ம அரசாங்கத்துல பதிவு பண்ண ஏஜெண்டு சர்வீஸ் சார்ஜா வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அவரு பதிவு நம்பர கேளுங்க, வெளிநாட்டு வேலைக்குன்னு நம்ம அரசாங்கம் வச்சுருக்குற இ-மைக்ரேட் சைட்டுல போட்டுப் பாருங்க. சவுதி, குவைத் மாதிரி 18 நாட்டுக்கு பத்தாவது முடிக்காதவங்க போனா அரசாங்கம் காண்ட்ராக்ட்ட பாத்துத்தான் விடும், தான்சானியா அந்த லிஸ்ட்லயே இல்ல, அதனால இங்க யாரும் செக் பண்ண மாட்டாங்க, நீங்கதான் பண்ணணும்.

பாதுகாப்பு பத்தியும் மறைக்காம சொல்லிடுறேன். 2025 அக்டோபர் 29 தேர்தல் அன்னைக்கு அங்க பெரிய கலவரம், உயிர்ச்சேதம், அங்க உள்ள பெரிய ஊரு தார் எஸ் சலாம்ல ஊரடங்கு, இண்டர்நெட்ட நாடு பூரா சில நாள் அணைச்சுட்டாங்க. டெண்ட் கேம்ப் பையனோட அம்மா எனக்கு ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் பண்ணி ஒரே அழுக, நான் என்னத்த சொல்ல. நெட்டு வந்தப்புறம் அவன் அனுப்புன மொத மெசேஜ் "சாப்டேன், கேம்ப்ல ஒண்ணுமில்ல, புக்கிங்தான் கேன்சல் ஆகுது"ன்னு. கலவரம் பார்க்குக்குள்ள வரல, ஆனா அதோட விலை புக்கிங்ல தெரியும், புக்கிங் கொறஞ்சா மொதல்ல வெட்டு விழுறது புதுசா சேந்தவனுக்குத்தான். கொரோனாவுலயும் அதேதான் நடந்துச்சு.

அதனால என் யோசனை, இந்த லெட்டர விட்டுருங்க, ஆசைய விட வேண்டாம். தம்பிக்கு நெஜமா எது வேணும்னு கேளுங்க. மிருகம்தான் வேணும்னா கபினி பக்கம், மத்தியப் பிரதேசத்துல கன்ஹா, பாந்தவ்கர் பக்கம் இருக்குற ரிசார்ட்டுல, கெஸ்ட்டுக்கு காட்டயும் மிருகத்தயும் விளக்கிச் சொல்ற நேச்சுரலிஸ்ட் வேலைக்கு ஃபிரஷ்ஷர எடுத்து ட்ரெய்ன் பண்றாங்க, அங்க வெளிநாட்டுக்காரன்னு சொல்லி அவன தடுக்க முடியாது, சம்பளம் சுமார்தான். கிச்சன்தான் வேணும்னா ரெண்டு மூணு வருஷம் சென்னையோ கொச்சியோ நல்ல ஹோட்டல்ல ஒரே செக்‌ஷன்ல நின்னு கை பழகட்டும், சாயங்காலம் அரை மணி நேரம் அந்த ஊரு பாஷை ஸ்வாஹிலி படிக்கட்டும், கிச்சன்ல கூட நிக்கிறவங்க பேசுறது அதுதான். அப்புறம் பர்மிட் ஃபீஸ் அவங்களே கட்டுற ஆஃபர் வந்தா நானே ஏர்போர்ட்டுக்கு வந்து வழியனுப்புறேன்.

அட்வான்ஸ் இன்னும் குடுக்கலல்ல? குடுக்காதீங்க. சனிக்கிழம காலைல பதினோரு மணிக்கு தம்பிய எனக்கு வீடியோ கால் பண்ணச் சொல்லுங்க, நீங்களும் அண்ணியும் பக்கத்துல உக்காந்துக்கோங்க, ஆனா அவன் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாதுண்ணே, போன தடவ மாதிரி ஆயிரும்.